ஆற்றங்கரைப் பலகையில் ஒரு கார்டு

“...அதுக்குத்தான் சொல்றேன், கைய எடு ண்ணா. அது தொங்குற வரைக்கும் நான் வூட்டுக்குப் போவ மாட்டேன். நீ போறதுன்னா போ.”

என் கை அப்போது பலகைக் கொக்கியில் இருந்தது. நீல நாடாவோடு ஒரு கம்பெனி ஐடி கார்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மணி நாலரை. குளித்தவர்கள் எல்லாரும் தலையைத் துவட்டிக்கொண்டு மேலே வந்தாயிற்று. முப்பத்தாறு கொக்கிகளில் முப்பத்தைந்து காலி. ஆற்றில் ஒரு தலை கூடத் தெரியவில்லை. ஆனால் ஒரு கார்டு தொங்குகிறது.

சொன்னவள் அந்தப் படித்துறையைப் பார்த்துக்கொள்கிற பெண். ஊராட்சி வைத்த ஆள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கூட்டுவாள், பாசி தேய்ப்பாள், எல்லை தாண்டி நீந்துகிறவனைக் கரையில் நின்றபடியே திட்டி இழுத்து வருவாள். “ஏய் பச்ச டவுசரு, அந்தாண்ட இன்னா உன் மாமியார் வூடா கீது?” என்று அவள் ஒரு குரல் விட்டால் பச்சை டவுசர் திரும்பிவிடும். நான் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். இரண்டாம் ஷிப்டைக் கேட்டில் இறக்கிவிட்டு, ஜெனரல் ஷிப்டை ஏற்றப் போகிற வரைக்கும் எனக்கு மூன்று மணி நேரம் சும்மா. அந்த மூன்று மணி நேரத்துக்கு அந்த ஆறுதான் என் கதி.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும். பட்டணத்துக்குள் போன பிறகு அந்த ஆற்றின் பேரைச் சொன்னாலே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மணிமங்கலத்துப் பக்கம் அப்படி இல்லை. ஏரிகளில் வழிகிற தண்ணீர் வந்து சேருகிற இடம், பிடித்துக் குடிக்கலாம் போல இருக்கும். குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். அதற்கு மேலே தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீருக்கு ஆட்கள் வந்தார்கள். வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் கம்பெனிகள் பெருகப் பெருக, தெற்கத்திப் பையன்கள் ரூம் எடுத்துத் தங்கினார்கள். அவர்களில் ஒருவன் என் வேனில் வரும்போது சொன்னான்: “எங்க ரூம்ல பன்னெண்டு பேருக்கு ஒரு பாத்ரூம் அண்ணாச்சி. கதவத் தட்ட ஆள் இல்லாம நான் குளிக்கது இந்த ஆத்துலதான்.” இப்படி ஒருவர் சொல்வதைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு அது வாயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிறகு ஊராட்சி பன்னிரண்டு படி கட்டியது. தகரத்தில் இரண்டு உடை மாற்றும் அறைகள் வந்தன. நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒரு லாரி டியூபைக் காற்றடித்துக் கயிற்றில் கட்டிப் போட்டார்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்கள் மட்டும். அந்த நேரத்தில் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிற ஆண்களுக்கு அந்தப் பெண்ணிடமிருந்து கிடைத்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு சாவு விழுகிற வரைக்கும். அன்றைக்கு ஐம்பது பேர் குளித்தார்கள். ஐம்பது பேருக்கும் ஒரே கம்பெனிச் சட்டை, ஒரே சாம்பல் பேண்ட். போகும்போது ஒரு சட்டையும் பேண்டும் படியில் கிடந்தன. எவனோ பழசை விட்டுவிட்டுப் போகிறான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டைக்காரன் மறுநாள் காலையில்தான் மிதந்தான். முள்வேலி போட்டார்கள், ‘குளிக்கத் தடை’ என்று எழுதி வைத்தார்கள். வெயில் காலம் வந்ததும் வேலியைத் தாண்டிக் குதித்தார்கள்.

வேலியை எடுக்க வைத்தது ஒரு ஃபிட்டர். தெற்கத்திக்காரர். கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. ஊராட்சியில் போய் அவர் சொன்னது இவ்வளவுதான்: “மிசினுக்குள்ள கைய விடுததுக்கு முந்தி மெயின் சுவிட்சுல எங் கார்ட மாட்டுவேன். நான் வந்து கழட்டுத வரைக்கும் எந்தக் கொம்பனும் சுவிட்சப் போட முடியாது. தண்ணிக்கும் அதயே வைப்போம்.” அவரே ஒரு பலகையில் முப்பத்தாறு கொக்கி அடித்துக்கொண்டு வந்தார். தண்ணீரில் இறங்குகிறவன் தன் கார்டைத் தானே மாட்ட வேண்டும், ஏறியதும் தானே கழற்ற வேண்டும். இன்னொருவன் கார்டை இன்னொருவன் தொடக் கூடாது. முப்பத்தாறும் நிறைந்துவிட்டால் முப்பத்தேழாவது ஆள் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு ஒரு சாவும் இல்லை. பலகையைப் பார்க்காமல் யாரும் வீட்டுக்குப் போனதும் இல்லை.

அன்றைக்குத் தொங்கிய கார்டில் பெயரும் கம்பெனியும் இருந்தன. என் வேன் போகிற கம்பெனிதான். டிரான்ஸ்போர்ட் மேசைக்கு அடித்து, அங்கிருந்து லைன் சூப்பர்வைசரைப் பிடித்தேன். சுற்றி இருபது பேர் நின்றார்கள். சூப்பர்வைசர் சிரித்தார்.

“அவனா? என் முன்னாடிதான் நிக்கிறான். கார்டு காணோம்னு கேட்ல டெம்பரவரி பாஸ் வாங்கிட்டு வந்திருக்கான். எங்க கெடச்சுது?”

எனக்கு உயிர் வந்தது. “நேத்து வுட்டுட்டுப் போயிருப்பான், பேமானி” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள், வண்டிகளைக் கிளப்பினார்கள். சரி, கேட்டிலேயே அவனிடம் கொடுத்துவிடலாம் என்று நான் கார்டில் கை வைத்தேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

“தங்கச்சி, ஆள் லைன்ல நிக்கிறான்னு சொல்றாங்க. காதால கேட்டேன்.”

“நேத்து ஆறு மணிக்கு ஈரத்துணி போட்டுத் தொடச்சேன் ண்ணா. ஒண்ணும் இல்ல. இன்னிக்குப் பொம்பளைங்க போன அப்பால பன்னெண்டரைக்குப் பாத்தேன். அப்பவும் காலி. ஒரு மணிக்கு சோறு துன்னப் போனேன், ரெண்டு மணிக்கு வந்தா இது தொங்கிகினு இருந்துச்சு. உன் ஆளு ஒரு மணிக்கே வேன் ஏறுனாத்தான் ரெண்டேகாலுக்குக் கம்பெனிக்குள்ள நிக்க முடியும், அதுவும் கார்டு இல்லாம போயிருக்கான். அப்போ இத மாட்டுனது ஆரு?”

நான் கையை எடுத்துவிட்டேன். அந்த நாடாவின் சொரசொரப்பு இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் பலகை காலி. பலகை காலி என்றால் தேட ஆள் இல்லை.

மறுபடி சூப்பர்வைசருக்கு அடித்து, கார்டுக்காரனையே பேசச் சொன்னேன். அவன் குரலில் பயம் இருந்தது, ஏதோ தண்டனை என்று நினைத்துவிட்டான். “ரூம்ல ஆணில மாட்டிருந்தேன் சார். மத்தியானம் கெளம்பும்போது பாத்தா இல்ல.” ரூமில் யார் யார் என்று கேட்டேன். அவனைத் தவிர நாலு பேர். மூன்று பேர் நைட் ஷிப்ட், ஒருவனுக்கு வார ஆஃப். நைட் ஷிப்டில் ஒருவன் நம்பரை வாங்கி அடித்தேன். நாலு முறை அடித்த பிறகு தூக்கத்தோடு எடுத்தான்.

“தம்பி, ஆஃப்ல இருக்கிற பையன் எங்க?”

“அவன் குளிக்கப் போறேம்னு ஒரு மணிக்கு முன்னயே போனாம்லா. இன்னும் வரலயோ?”

“லைட்டப் போட்டு ஆணியப் பாரு. அவன் கார்டு இருக்குதா?”

“லைட்டயா? ஆளுக தூங்குதாங்க அண்ணாச்சி.”

“போடுப்பா!”

அந்த ரூம்களில் ஒரு சட்டம் உண்டு. நைட் ஷிப்ட்காரன் தூங்கும்போது பகலில் ஜன்னலில் கம்பளி தொங்கும். எக்காரணம் கொண்டும் லைட்டைத் தொடக் கூடாது. சுவிட்ச் விழுகிற சத்தமும், யாரோ ஒருவன் திட்டுகிற சத்தமும் போனில் கேட்டன. பிறகு அவன் தூக்கம் போன குரலில் சொன்னான்: “ஆணில அவன் கார்டுதான் தொங்குது அண்ணாச்சி.”

அவ்வளவுதான். ஆஃபில் இருந்த பையன் இருட்டில் தடவி, பக்கத்து ஆணியில் தொங்கிய கார்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறான், கொக்கியில் மாட்டியிருக்கிறான், ஒரு தடவை கூட ஃபோட்டோவைப் பார்க்கவில்லை. தன் கார்டின் முகத்தை யார்தான் பார்க்கிறார்கள்?

அவன் நம்பரை வாங்கி அடித்தேன். ஆண்கள் உடை மாற்றும் தகர அறைக்குள்ளிருந்து மணி அடித்தது. மூலையில் ஒரு துண்டு, அதன் கீழே ஒரு கறுப்புச் சட்டை, அதற்கடியில் போன். அத்தனை பேர் அந்த அறைக்குள் போய் வந்தோம். இன்னொருவனுடையது என்று தாண்டிப் போனோம்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். மேலே ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது, இரண்டு நாள் மழை. “நான் சோறு துன்னப் போவும்போது எட்டாம் படி தெரிஞ்சுது. இப்போ ஆறாம் படி முழுவிப் போச்சு” என்றாள். எவனும் வண்டியைக் கிளப்பவில்லை. கிளப்பியவர்களும் திரும்பி வந்தார்கள்.

தீயணைப்புக்குப் போன் போட்டோம், வருகிறோம் என்றார்கள். ஷிப்ட் விடுகிற நேரத்தில் எங்கள் ரோட்டில் வருவது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். நீச்சல் தெரிந்த பத்துப் பேர் கைகோத்துக்கொண்டு தடுப்பணையை ஒட்டிக் காலால் துழாவினார்கள். அன்றைக்குக் குளிக்க வந்திருந்த அந்த ஃபிட்டர் முதல் ஆளாக இறங்கினார். ஒவ்வொரு தரம் ஒருவன் நின்று “இருங்க, இருங்க” என்று குனியும்போதும் வரிசையே நின்றது. ஒரு தடவை கட்டை. ஒரு தடவை சிமெண்ட் மூட்டை. என் பாக்கெட்டில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது, ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் கேட்டில் நிற்கிறார்கள் என்று. நான் எடுக்கவில்லை.

“அந்தாண்ட போயிருப்பானா?” என்றேன் அவளிடம். “கூப்பிட்டுப் பாக்கலாம்.”

“கூப்டா கேக்குதா பாரு” என்று பாலத்தைக் காட்டினாள். படித்துறைக்கு நூறடியில் பாலம். கன்டெய்னர் லாரிகள் வாலைப் பிடித்தாற்போல் ஊர்ந்துகொண்டிருந்தன. போதாக்குறைக்குத் தடுப்பணையில் தண்ணீர் வழிகிற இரைச்சல். பக்கத்தில் நிற்கிறவனே கத்தினால்தான் கேட்கும். “அவன் கத்தினாலும் நம்ம காதுக்கு வராது ண்ணா. அந்த லாரிங்கள நிறுத்து மொதல்ல.”

அது எனக்குத் தெரிந்த வேலை. வேனை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் நடுவில் குறுக்கே நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். முதல் அரை நிமிடம் ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது. ஒரு டிரெய்லர் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

“யோவ், பெருசு! பாலம் என்ன உங்கப்பன் கட்டுனதா?”

“தண்ணியில ஒரு ஆள் கீறான் ப்பா. சத்தம் நின்னாத்தான் எங்க கீறான்னு தெரியும். அஞ்சு நிமிஷம் எஞ்சின ஆஃப் பண்ணு. அப்பால என்னை வேணும்னா அடி.”

அவர் என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்னால் நின்ற வண்டிகளை நோக்கி ஓடினார். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனார். “ஆஃப் பண்ணுங்கடா! ஹாரன் அடிக்கிறவன் கைய ஒடிச்சிருவேன்!” எதிர்ப்பக்கம் நான் ஓடினேன். ஒவ்வொரு எஞ்சினாக அடங்கியது. நான் பதினோரு வருடமாக அந்தப் பாலத்தில் போகிறேன், அப்படி ஒரு அமைதியை அங்கே கேட்டதில்லை. தண்ணீர் இரைச்சல் மட்டும் மிச்சம்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு டங். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டங். இரும்பில் எதையோ வைத்து இடிக்கிற சத்தம், அடிக்கிற கைக்கு வலு இல்லாத சத்தம்.

கரையில் அவள் கையைத் தூக்கி, மறுகரையில் ஆறு திரும்புகிற இடத்தைக் காட்டினாள். “அது எங்க பம்புசெட்டு பைப்பு! மோட்டார நிறுத்தச் சொல்லி அதத்தான் தட்டுவோம். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்!”

கம்பெனிகளின் எஸ்டேட்டுக்கு நிலம் போவதற்கு முன்னால் எதிர்க்கரையில் அவள் வீட்டாருக்கு வயல் இருந்தது. மோட்டார் ரூமின் சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது, கோரைப்புல்லுக்குள், பாதி தண்ணீரில். கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஃபிட்டரும் இரண்டு பேரும் கயிற்றோடு நீந்திப் போனார்கள். புல்லுக்குள் மறைந்தார்கள். பிறகு ஃபிட்டரின் குரல் வந்தது: “இருக்காம்ல! உசுரோட இருக்கான்!” கரையில் எழுந்த சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது வந்தது: “காலு மாட்டியிருக்கு! பைப்புக்கும் செவுத்துக்கும் நடுவுல! தண்ணி கழுத்துக்கு வந்துட்டு! ஸ்பேனர் எடுங்க!”

அவன் அக்கரை வரை நீந்திப் பார்க்கலாம் என்று போயிருக்கிறான். தண்ணீரின் இழுப்பு அவனைத் திருப்பத்தில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறது. பைப்பைப் பிடித்து ஏறப் பார்த்து, துருப்பிடித்த கிளாம்ப் விட்டு, பைப் சரிந்து காலைச் சுவரோடு கவ்விக்கொண்டது. அப்போது தண்ணீர் அவனுக்கு இடுப்பளவு. நாலு மணி நேரமாக ஒரு செங்கல் துண்டால் பைப்பைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். இதெல்லாம் பிறகு அவன் சொல்லித் தெரிந்தது.

ஸ்பேனர் போனது. துருவில் போல்ட் அசையவில்லை. கரையில் ஐந்தாம் படியின் ஓரத்தைத் தண்ணீர் நக்கத் தொடங்கியிருந்தது. அவள் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றாள். “மோவாக்கட்டைக்கு வந்துட்டு!” என்று புல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது.

என் வேன் ஜாக்கி எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு டன் தூக்குகிற ஜாக்கி ஒரு பைப்பைத் தள்ளாதா? பாலத்தில் நின்ற வேனுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தேன். கனமான இரும்பைப் பிடித்துக்கொண்டு எவன் நீந்துவது? அவளே டியூபைக் கயிறோடு அவிழ்த்துக் கொடுத்தாள். நடுவில் ஒரு பலகையைப் போட்டு, ஜாக்கியை அதன்மேல் வைத்துக் கட்டி, நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவ்வளவு தூரம் அந்த வேகத்தில் அதற்கு முன்னும் நீந்தியதில்லை, பின்னும் இல்லை.

அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கும் வாயும் மட்டும் வெளியே. ஃபிட்டர் அவன் பிடரியைத் தாங்கிக்கொண்டிருந்தார். “பேசிக்கிட்டே இருலே. ரூம்ல நேத்து ராத்திரி என்ன சாப்பாடு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் “புளிசாதம்” என்றான், தண்ணீரைத் துப்பிக்கொண்டு. “அதான் இவ்வளவு கனமா இருக்க” என்றார் ஃபிட்டர். ஜாக்கியை வாங்கிக்கொண்டு மூழ்கினார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையால் தடவியே சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் அதைப் படுக்க வைத்தார். மேலே வந்து மூச்சு வாங்கினார், மறுபடி போனார். நான் பிடரியைத் தாங்கிக்கொண்டேன். ஒரு அலை அவன் மூக்கின் மேல் ஏறி இறங்கியது. இன்னொன்று ஏறியது, இறங்கவில்லை. அவன் கை என் தோளைப் பிறாண்டியது. நான் அவன் தலையை மேலே இழுக்கிறேன், அது வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது ஞாபகம் இருக்கிறது. ஒன்பதுக்கு அப்புறம் கீழே பைப் விலகி, அவன் என் கையோடு மேலே வந்துவிட்டான்.

படித்துறைக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது இருமி இருமித் தண்ணீரைக் கக்கினான். கணுக்கால் வீங்கித் தோல் உரிந்திருந்தது. உதடு நீலம். அந்த நேரத்துக்குத் தீயணைப்பு வண்டியின் மணி கேட்டது, பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து. என் வேன்தான் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. டிரெய்லர் டிரைவரிடம் சாவியை வீசினேன், அவர் வேனை இறக்கிக் கொண்டுவந்தார். இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்கள்.

அவள் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“கார்ட எடுத்துகினு போவட்டும்” என்றாள்.

“ஏம்மா, உனக்கு அறிவு கீதா? ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல...” என்று ஒருவன் கத்தினான். பையனே தூக்கியவர்களின் தோளைத் தட்டி, இறக்கச் சொன்னான். ஒற்றைக்காலில் நின்றுகொண்டு பலகையைப் பார்த்தான்.

“அது எங் கார்டு இல்லக்கா.”

“தெரியும். மாட்டுனது நீதான? நீயே எடு.”

இரண்டு தடவை கை தவறியது. மூன்றாம் தடவை நாடாவைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டான். அவனை வேனில் ஏற்றினார்கள். நான் கிளப்பி, திருப்புவதற்காகக் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அவள் பலகையின் முன்னால் நின்று, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். முப்பத்தாறாவது கொக்கி வரைக்கும் போய், இந்தப் பக்கமாக இன்னொரு தடவை எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு படியோரத்தில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.